பிறந்த எடையும் ஐம்பது வயதுச் சர்க்கரையும்

குழந்தை பிறந்த செய்தி வந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, ஆணா பெண்ணா. இரண்டாவது, "எத்தனை கிலோ?" மூன்று கிலோ என்றால் எல்லோர் முகமும் மலரும். இரண்டே கால் என்றால் "பரவாயில்லை, தேத்திடலாம்" என்று யாராவது ஒரு பெரியம்மா ஆறுதல் சொல்வார். அப்புறம் அந்த எண்ணை எல்லோரும் மறந்துவிடுவார்கள். தடுப்பூசி அட்டையின் மூலையில் மட்டும் அது கிடக்கும்.

மைசூரில் ஒரு மருத்துவமனை அந்த எண்ணைத் தொலைக்காமல் வைத்திருந்தது. ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனை என்பது அதன் பெயர். ஊர்க்காரர்களுக்கு மிஷன் ஆஸ்பத்திரி. 1934-லிருந்து அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு மூன்றையும் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். 1990-களில் ஆய்வாளர்கள் அந்தப் பேரேடுகளைக் கையில் வைத்துக்கொண்டு, மருத்துவமனையைச் சுற்றி அப்போதும் வசித்துக்கொண்டிருந்த 517 ஆண்களையும் பெண்களையும் தேடிப்பிடித்து இதயத்தைப் பரிசோதித்தார்கள். இரண்டரை கிலோவும் அதற்குக் கீழுமாகப் பிறந்தவர்களில் நூற்றுக்குப் 11 பேருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. மூன்று கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் அது நூற்றுக்கு 3.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே நாற்பது, ஐம்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. அந்த மனிதர்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்தார்கள், சிலர் பீடி குடித்தார்கள், சிலர் குடிக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு முதல் நாள் எடை எப்படி இதயத்தில் வந்து நிற்கிறது? இதற்குப் பரிணாம உயிரியல் சொல்லும் பதிலைத்தான் இங்கே எளிமையாக விளக்கப் பார்க்கிறேன்.

மைசூருக்கு முன்பே இந்தக் கேள்வியைப் பெரிதாக எழுப்பியவர் டேவிட் பார்க்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1986-ல் அவரும் அவருடன் பணியாற்றிய ஆஸ்மண்டும் இங்கிலாந்து, வேல்ஸ் வரைபடத்தை வைத்து ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். 1920-களில் எந்தப் பகுதிகளில் பச்சிளங்குழந்தைகள் அதிகம் இறந்தனவோ, அதே பகுதிகளில்தான் 1970-களில் பெரியவர்கள் இதய நோயால் அதிகம் இறந்தார்கள். இதய நோய் வசதி படைத்தவர்களின் வியாதி, வெண்ணெயும் இறைச்சியும் தின்றுவிட்டு உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு வருவது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. வறுமையில் பிறந்தவர்களுக்கு ஏன் அது வர வேண்டும்? பார்க்கரின் வாதத்தைப் பலர் ஏற்கவில்லை. பிறகு ஹார்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில், 1911 முதல் செவிலியர்கள் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை எடைபோட்டு எழுதிய பழைய பேரேடுகள் அவருக்குக் கிடைத்தன. அங்கும் அதே கதைதான். பிறக்கும்போதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்த ஆண்கள் இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள்.

உடம்பின் வரவு செலவு

இங்கே 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். நாம் அதை டென்ஷன் என்ற பொருளில்தான் சொல்கிறோம். உயிரியலில் அதன் வீச்சு பெரிது. தாய்க்குச் சாப்பாடு போதாமை, திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல், ஏழாவது மாதத்திலும் சித்தாள் வேலை, வீட்டில் அடி உதை, பெற்றவளை இழப்பது, தூக்கி வைத்துக்கொள்ள ஆளில்லாமல் தொட்டிலிலேயே கிடப்பது, எல்லாமே குழந்தையின் உடம்புக்கு நெருக்கடிதான். இந்த நெருக்கடி கருவிலோ முதல் சில ஆண்டுகளிலோ வந்தால், அதையே இளமைக்கால ஸ்ட்ரெஸ் என்கிறார்கள்.

நெருக்கடி வந்தால் உடம்பு என்ன செய்யும்? சம்பளம் பாதியாகக் குறைந்துபோன ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அரிசி வாங்கியாக வேண்டும், பிள்ளைகளின் ஃபீஸ் கட்டியாக வேண்டும். கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றுவதைத் தள்ளிப்போடலாம். தள்ளிப்போட்டது அந்த மாதம் தெரியாது, அடுத்த மாதமும் தெரியாது. ஒரு ஐப்பசி மழையில் தெரியும்.

உடம்புக்கும் வருமானம் என்று ஒன்று உண்டு: உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றல். வளர்வது, பழுதுபார்ப்பது, கிருமியோடு போராடுவது, பின்னாளில் பிள்ளை பெறுவது என எல்லாச் செலவும் அந்த ஒரே பையிலிருந்துதான் போக வேண்டும். ஒன்றுக்குக் கூட்டினால் இன்னொன்றில் குறையும். எந்த வயதில் எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற கணக்கை இயற்கைத் தேர்வு பல லட்சம் ஆண்டுகளாகத் தீட்டித் தீட்டி வைத்திருக்கிறது.

கருவில் இருக்கும் மனிதக் குழந்தைக்கு இந்தக் கணக்கில் முதல் செலவு மூளை. பிறந்த குழந்தை சும்மா படுத்திருக்கும்போது செலவழிக்கும் ஆற்றலில் பாதிக்கும் மேல் மூளைக்கே போகிறது. வேறெந்த விலங்கின் குட்டிக்கும் இவ்வளவு செலவு வைக்கும் மூளை கிடையாது. அதனால் நச்சுக்கொடி வழியாக வரும் சத்தும் ஆக்சிஜனும் குறைந்தால், கரு தன் ரத்த ஓட்டத்தையே திருப்பிவிடுகிறது. மூளைக்குப் போகும் குழாய்கள் விரிகின்றன. மற்ற பக்கம் போகும் குழாய்கள் சுருங்குகின்றன. மருத்துவர்கள் இதை ஸ்கேனில் ரத்த ஓட்டத்தை அளந்தே பார்க்கிறார்கள். அப்போது குறைவாகப் பெறுபவை சிறுநீரகம், கல்லீரல், கணையம், தசை.

சிறுநீரகத்தை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுகளுக்கு நெஃப்ரான் என்று பெயர். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் இருக்கும். ஆனால் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம்: சிலருக்கு மூன்று லட்சத்தைத் தாண்டாது, சிலருக்கு இருபது லட்சத்துக்கும் மேல் இருக்கும். இவை கருவில் ஏறக்குறைய 36-வது வாரத்தோடு உருவாகி முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கு இவை பொதுவாகக் குறைவு. குறைந்த ஆட்களை வைத்து அதே வேலையைச் செய்வதால் ஒவ்வொரு நெஃப்ரானும் கூடுதல் அழுத்தத்தில் உழைத்து, சீக்கிரம் தேய்கிறது. இளமையில் ஒன்றும் தெரியாது. நாற்பது தாண்டி ஒரு நாள் டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி, "பிரஷர் இருக்கே, உப்பைக் குறைங்க" என்பார். அன்றைக்குத்தான் மழை பெய்கிறது.

ஏன் பிறகு சரிசெய்துகொள்ள முடிவதில்லை? உறுப்புகள் உருவாவதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் இருக்கிறது, அது போனால் போனதுதான். இதற்கு நோயோடு சம்பந்தமில்லாத அழகான உதாரணம் வியர்வைச் சுரப்பி. பிறக்கும்போது எல்லோருக்கும் ஏறக்குறைய அதே அளவு சுரப்பிகள்தான். எதுவும் வேலை செய்வதில்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் எவ்வளவு வெயில் படுகிறது என்பதைப் பொறுத்து அவற்றில் எத்தனை வேலைக்கு வர வேண்டும் என்பது முடிவாகிறது. வெப்பமான ஊரில் வளர்ந்த குழந்தைக்கு அதிகம், குளிர் நாட்டில் வளர்ந்ததற்குக் குறைவு. அதன்பின் அவர் எந்த ஊருக்குக் குடிபோனாலும் அந்த எண்ணிக்கை மாறாது.

இரண்டு டாக்டர்கள், ஒரே எடைக் கணக்கு

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கேற்ற எடை என்று கணக்குப் போடுகிறோமே, அந்த பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லி. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இரட்டிப்புக்கும் மேல்.

நம் ஊரில் "ஆள் ஒல்லிதான், ஆனா சுகர் இருக்கு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் படம் சொல்வது இதைத்தான். யாஜ்னிக்கின் குழு புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அளந்து, இந்த வித்தியாசம் பிறக்கும்போதே இருப்பதைக் காட்டியது. அந்தக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எண்ணூறு கிராம் குறைவு. ஆனால் எல்லாம் ஒரே விகிதத்தில் குறையவில்லை. கை தசை வெகுவாகக் குறைவு, வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகள் வெகுவாகக் குறைவு, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட காப்பாற்றப்பட்டிருந்தது. 'ஒல்லிக் குண்டுக் குழந்தை' என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

பரிணாமக் கண்ணால் பார்த்தால் இந்தக் குழந்தை செய்திருப்பது சரியான வேலை. தசை வைத்துக்கொள்வது செலவு, சும்மா இருக்கும்போதும் அது ஆற்றலைத் தின்னும். கொழுப்போ சேமிப்பு. தாய்ப்பால் மறக்கும் பருவத்தில் பேதியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். சாப்பிட முடியாத அந்த நாட்களில் மூளையைக் காப்பாற்றுவது அந்தச் சேமிப்புதான். தடுப்பூசியும் குடல் நோய்க்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் இல்லாத காலத்தில், அந்தச் சேமிப்புள்ள குழந்தைதான் பிழைத்தது. பிழைத்ததால்தான் அதற்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் வழியில் வந்தவர்கள் நாம்.

ஆனால் சாப்பிட்ட சர்க்கரையை உள்வாங்கி எரிக்கும் பெரிய இடம் தசை. அது குறைந்து, கணையமும் சிறிதாக இருந்து, மேலே கொழுப்பும் சேர்ந்தால், மூன்று வேளையும் வெள்ளை அரிசியும் உட்கார்ந்த வேலையுமாக இருக்கும் வாழ்க்கையில் முப்பத்தைந்து வயதிலேயே சர்க்கரை எட்டிப்பார்க்கும்.

அப்படியென்றால் இயற்கைத் தேர்வு இதை ஏன் திருத்தவில்லை? அதன் தராசில் ஐம்பது வயது மாரடைப்புக்கு எடை மிகக் குறைவு. பிள்ளை பெற்று வளர்க்கும் வயது வரை ஒரு உடம்பைக் கொண்டுசேர்க்கிற ஏற்பாடு எதுவோ அது அடுத்த தலைமுறைக்குப் போகும். அதன் விலை அறுபதில் வந்தால், அதைத் தட்டிக்கேட்க இயற்கையில் யாரும் இல்லை. நம் ஆரோக்கியத்துக்காக நாம் படைக்கப்பட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தத் துறையைப் படிக்கப் படிக்க அந்த நினைப்பு கரைந்துபோகிறது.

பசிக் குளிர்காலம்

இதுவரை சொன்னதில் ஒரு சந்தேகம் எழலாம். ஏழை வீட்டில் எடை குறைவாகப் பிறந்தவர் பெரும்பாலும் ஏழையாகவே வளர்கிறார். அப்படியானால் காரணம் கருவா, வாழ்நாள் முழுதும் தொடர்ந்த வறுமையா? மனிதர்களை வைத்துப் பட்டினிப் பரிசோதனை செய்ய முடியாது. ஆனால் போர் ஒன்று அதைச் செய்துவிட்டது.

1944 செப்டம்பரில் நெதர்லாந்து ரயில்வேத் தொழிலாளர்கள் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலடியாக ஜெர்மானியர்கள் மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போகாமல் தடுத்தார்கள். அந்த ஆண்டு குளிரும் கடுமை; கால்வாய்கள் உறைந்து படகும் ஓடவில்லை. நவம்பருக்குள் ஆளுக்கு ஆயிரம் கலோரிக்கும் குறைவான ரேஷன். 1945 தொடக்கத்தில் அது ஐந்நூறு சொச்சத்துக்கு இறங்கியது. ஒரு நாளைக்கு நாம் சாப்பிடுவதில் கால் பங்கு. மக்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். இருபதாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்ததும் சில வாரங்களில் உணவு பழைய நிலைக்குத் திரும்பியது.

இதில் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது, ஆரம்பமும் முடிவும் தேதியோடு தெரிந்த ஒரு பஞ்சம். பணக்காரர் ஏழை எல்லோரையும் அது வாட்டியது. பேறுகால ஆவணங்களும் பத்திரமாக இருந்தன. எந்தக் குழந்தை எந்த மாதத்தில் வயிற்றில் இருந்தது என்று கணக்குப் போட முடிந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பஞ்சத்தைப் பார்த்தவர்கள் எடை குறைந்து பிறந்தார்கள்; பின்னாளில் அவர்கள் உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கத் திணறியது. நடு மாதங்களில் பார்த்தவர்களுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு கூடுதலாக இருந்தது. முதல் மூன்று மாதங்களில் மட்டும் பார்த்தவர்கள் நல்ல எடையோடு பிறந்தார்கள், ஏனென்றால் பிற்பாடு தாய்க்குச் சாப்பாடு கிடைத்துவிட்டது. ஆனால் வயதான பிறகு இதய நோய் அவர்களிடம்தான் அதிகம் தெரிந்தது.

இந்தக் கடைசி விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். எடை என்பது வெளியே தெரியும் ஒரு அடையாளம், அவ்வளவுதான். எடைமிஷின் மூன்று கிலோ காட்டினாலும், உள்ளே ஒரு பஞ்சம் பதிந்திருக்கலாம்.

பதிவது எப்படி என்பதற்கு ஒரு தடயம் 2008-ல் கிடைத்தது. கருத்தரித்த சமயத்தில் பஞ்சத்தில் சிக்கியவர்களை அறுபது வயதில் சோதித்தார்கள். வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மேல், மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதி ஒட்டியிருப்பது, பஞ்சம் பார்க்காத அவர்களுடைய சொந்த அண்ணன் தம்பி அக்காள் தங்கைகளைவிடக் குறைவாக இருந்தது. மரபணுவின் எழுத்து மாறவில்லை. அதை எவ்வளவு சத்தமாக வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு மாறியிருந்தது. வித்தியாசம் சிறியதுதான், அதுவே நோயைக் கொண்டுவந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் சில மாதப் பசி அறுபது ஆண்டு ரத்தத்தில் தங்கியிருந்ததே, அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

கணிப்பா, கடனா?

இங்கே விஞ்ஞானிகளுக்குள் ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது. எனக்கு இதில் ஒரு பக்கம் சாய்வு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பீட்டர் க்ளக்மன், மார்க் ஹான்சன் ஆகியோர் முன்வைத்த கருத்து கேட்க ரொம்பவும் அழகானது: கரு வெளியுலகத்தைக் கணிக்கிறது. தாயின் ரத்தத்தில் சத்து குறைவாக வந்தால், 'வெளியே பஞ்சம், சிக்கனமாக வாழத் தயாராகு' என்று எடுத்துக்கொள்கிறது. கணிப்பு பலித்தால் பிழைக்கும். பஞ்சத்துக்குத் தயாரான உடம்பு பரோட்டாக் கடைக்குள் வந்து நின்றால் நோய் வரும். ரஷ்யாவின் லெனின்கிராட் நகரை ஜெர்மன் படை சூழ்ந்து முற்றுகையிட்டதை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். 1941 முதல் 1944 வரை அந்த நகரமும் பட்டினி கிடந்தது. ஆனால் அங்கே கருவில் பசியைப் பார்த்தவர்களுக்கு நெதர்லாந்தில் தெரிந்த சர்க்கரைக் கோளாறு தெரியவில்லை. முற்றுகை முடிந்தபின்னும் அங்கே உணவு தாராளமாகக் கிடைக்காததால், கணிப்பும் வாழ்க்கையும் பொருந்திப்போயின என்பது விளக்கம்.

விலங்குகளில் இப்படிப்பட்ட கணிப்பு நிஜமாகவே நடக்கிறது. வட அமெரிக்காவின் புல்வெளியில் வாழும் ஒருவகை எலி, வயிற்றில் இருக்கும் குட்டிக்குப் பகல் நீள்கிறதா குறைகிறதா என்ற தகவலை ஹார்மோன் வழியாக அனுப்புகிறது. இலையுதிர் காலத்தில் பிறக்கும் குட்டி அடர்ந்த ரோமத்தோடு வருகிறது, வசந்தத்தில் பிறப்பது மெல்லிய ரோமத்தோடு. வரப்போகும் குளிரை அது இன்னும் பார்க்கவேயில்லை.

ஆனால் அந்த எலி சில மாதங்கள்தான் வாழும். நாமோ எழுபது ஆண்டு. கருவில் கிடைத்த ஒரு பருவத்தின் செய்தியை வைத்து எழுபது ஆண்டுக்குத் திட்டம் போடுவது நடக்கிற காரியமா? ஐப்பசியில் பெய்த மழையைப் பார்த்துப் பத்து வருஷத்துக்கு விதைப்புத் திட்டம் போடும் விவசாயி எங்காவது உண்டா? கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடரும் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. வறட்சியில் பிறந்த பெண் குரங்குகள், கணிப்புக் கருத்து சரியென்றால், 2009-ல் வந்த கடும் வறட்சியை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. வறட்சியில் பிறந்தவைதான் அப்போது குட்டி போடுவதில் அதிகம் பின்தங்கின. அதே குரங்குகளில், சிறுவயதில் தாயை இழப்பது, வறட்சி, தாயின் தாழ்ந்த அந்தஸ்து போன்ற ஆறு நெருக்கடிகளில் மூன்றையோ அதற்கு மேலோ பார்த்த பெண் குரங்குகள், ஒன்றை மட்டும் பார்த்தோ ஒன்றையும் பார்க்காமலோ வளர்ந்தவற்றைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தன. அவற்றுக்கு பீட்சாவும் இல்லை, சிகரெட்டும் இல்லை.

அதனால்தான் 'கணிப்பு' என்பதைவிடக் 'கடன்' என்ற சொல் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இன்று சாகாமல் இருக்க, நாளைய உடம்பிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலவழிப்பது. வேறு வழியில்லாதபோது அது நல்ல முடிவுதான். ஆனால் வட்டி உண்டு.

சரி, கரு எதையுமே முன்கூட்டி அறிவதில்லையா என்றால், ஒன்றை அறிகிறது: தன் தாயை. நச்சுக்கொடி வழியாக வருவது இந்த மாதத்து மழை நிலவரம் மட்டும் அல்ல. தாயின் உயரம், இடுப்பெலும்பு, எலும்பில் சேர்த்துவைத்த கால்சியம், அவள் சிறுமியாக இருந்தபோது பார்த்த பட்டினி, எல்லாம் சேர்ந்த சராசரி அது. இன்னும் பின்னே போகலாம். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. நீங்கள் எந்த முட்டையிலிருந்து வந்தீர்களோ, அது உருவானது உங்கள் அம்மாச்சியின் வயிற்றுக்குள். அவர் அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்பதற்கும் உங்களுக்கும் அவ்வளவு கிட்டத்து உறவு.

பயமும் ஒரு பஞ்சம்

சோற்றுப் பஞ்சத்தைப் போலவே அன்புப் பஞ்சமும் உடம்பில் பதிகிறது. அதற்குக் கருவி கார்டிசால் என்ற ஹார்மோன். ஆபத்து என்று மூளை முடிவு செய்தால், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி என்ற சுரப்பி வழியாகச் சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குத் தகவல் போகும். அங்கிருந்து வரும் கார்டிசால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ஓடவோ சண்டையிடவோ உடம்பைத் தயாராக்கும். வளர்ச்சி, பழுதுபார்த்தல் போன்ற வேலைகளை ஒத்திப்போடும். போதுமான அளவு வந்துவிட்டால் மூளையில் உள்ள ஏற்பிகள் அதை உணர்ந்து பிரேக் போடும்.

கனடாவில் மைக்கேல் மீனி என்பவரின் ஆய்வகம் இந்த பிரேக் எப்போது பொருத்தப்படுகிறது என்று எலிகளில் கண்டது. சில தாய் எலிகள் குட்டிகளை விடாமல் நக்கிக் கொடுக்கும், சில அவ்வளவாகச் செய்யாது. பிறந்த முதல் வாரத்தில் நிறைய நக்கப்பட்ட குட்டிகளுக்கு மூளையில் அந்த ஏற்பிகள் அதிகம். பெரிதான பின் பதற்றம் சீக்கிரம் தணியும். குறைவாக நக்கப்பட்டவை வாழ்நாள் முழுதும் சட்டென்று மிரளும். குட்டிகளைத் தாய் மாற்றி வைத்தும் பார்த்தார்கள்: பெற்றவளைப் பொறுத்து அமையவில்லை, வளர்த்தவளைப் பொறுத்துத்தான் அமைந்தது. பூனையும் பாம்பும் சூழ்ந்த இடத்தில் சட்டென்று மிரளும் எலிதான் பிழைக்கும் என்பதையும் சேர்த்து யோசித்தால், இது வெறும் கோளாறாகத் தெரியாது.

மனிதக் குழந்தைகளில் இதன் கொடிய வடிவத்தை ருமேனியாவில் பார்த்தார்கள். அந்நாட்டுச் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1966-ல் கருக்கலைப்பைத் தடைசெய்தது. வளர்க்க வழியில்லாத குடும்பங்களின் குழந்தைகள் அரசு விடுதிகளில் நிறைந்தார்கள். சோறு கிடைத்தது, தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை. ஆட்சி கவிழ்ந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு, புக்கரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு தொடங்கியது. பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். பன்னிரண்டு வயதில் சோதித்தபோது, விடுதியிலேயே தங்கியவர்களின் ஸ்ட்ரெஸ் அமைப்பு மழுங்கிப்போயிருந்தது. பதற வேண்டிய நேரத்திலும் உடம்பு பதறவில்லை. இரண்டு வயதுக்குள் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் மற்ற பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள்.

பயத்தில் வளரும் பெண் குழந்தைகள் கொஞ்சம் முன்னதாகவே வயதுக்கு வருவதும் இதே வரவு செலவில் ஒரு வரி. ஆயுளுக்கு உத்தரவாதம் இல்லாத இடத்தில் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவது ஆபத்து என்பது பரிணாமத்தின் கணக்கு. ஆனால் பசியில் வளரும் பெண் தாமதமாக வயதுக்கு வருகிறாள். கையில் சேமிப்பில்லாமல் உடம்பு அந்தச் செலவில் இறங்காது. நெருக்கடி என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது என்பதற்கு இது நல்ல சான்று. நியூசிலாந்தின் டனீடனில் 1972-73-ல் பிறந்த ஆயிரம் பேரைத் தொடர்ந்து பார்த்துவரும் ஆய்வில், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களின் ரத்தத்தில் 32 வயதிலும் அழற்சியின் அடையாளம் கூடுதலாக இருந்தது. அடிபடப் போகிறோம் என்று காத்திருக்கும் உடம்பு, காயத்தை ஆற்றும் படையை எந்நேரமும் தயாராக நிறுத்தி வைக்கிறது. அந்தப் படை சும்மா நிற்பதில்லை. ரத்தக் குழாயின் சுவரையும் அரிக்கிறது.

அம்மாவைக் குற்றம் சொல்லாதீர்கள்

இந்த விஷயத்தைச் செய்தித்தாளில் எழுதும்போது 'தாயின் கவலை குழந்தையைப் பாதிக்கும்', 'கர்ப்பிணிகளே எச்சரிக்கை' என்று தலைப்புப் போடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. ஏற்கெனவே தூக்கமில்லாமல் கிடக்கும் ஒருத்தியிடம் 'நீ கவலைப்படுவதே தப்பு' என்று சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? டச்சுத் தாய்மார்கள் டூலிப் கிழங்கைத் தின்றது அவர்கள் இஷ்டப்பட்டா? நச்சுக்கொடி வழியாகப் போகும் தகவலில் கூலி இருக்கிறது, ரேஷன் இருக்கிறது, குடித்துவிட்டு வரும் கணவன் இருக்கிறான், வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பின் மிஞ்சியதைத் தின்னும் வழக்கம் இருக்கிறது.

இன்னொன்று, மைசூர் எண்ணைத் திருப்பியும் படிக்க வேண்டும். எடை குறைவாகப் பிறந்த நூறு பேரில் 89 பேருக்கு இதய நோய் இல்லை. குறைந்த எடையில் பிறந்தவரின் சாலையில் பள்ளம் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. எங்கே பள்ளம் என்று தெரிந்தால் ஓட்டுவது எளிது. சின்னதாய்ப் பிறந்தவர் முப்பதிலேயே பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வதும், தசைக்கு வேலை கொடுப்பதும் வீண்போகாது.

டெல்லியில் பிறந்து வளர்ந்த 1,492 பேரைத் தொடர்ந்த ஒரு ஆய்வும் வீடுகளுக்குத் தெரிய வேண்டியது. முப்பதை நெருங்கும்போதே சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள், இரண்டு வயதில் ஒல்லியாக இருந்து, அதன் பிறகு வேக வேகமாகச் சதை போட்டவர்கள். பன்னிரண்டு வயதில்கூட அவர்களில் யாரும் பருமன் என்று சொல்லும்படி இல்லை. முதல் இரண்டு ஆண்டில் குழந்தை தேறுவது நல்லது. அதற்குப் பிறகு, "எலும்பும் தோலுமா இருக்கானே" என்று எட்டு வயதுப் பையனுக்கு பிஸ்கட்டும் ஊட்டச்சத்துப் பவுடரும் திணிப்பது, தசையை அல்ல, கொழுப்பைத்தான் சேர்க்கும். ஓடி விளையாட விட்டாலே போதும்.

தாய்க்கு நல்ல சாப்பாடு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? மும்பையின் குடிசைப் பகுதிகளில் இதைச் செய்து பார்த்தார்கள். கீரை, பழம், பால் சேர்த்து, தெருக்கடைப் பலகாரம்போலவே செய்த சிற்றுண்டியைப் பெண்களுக்குத் தினமும் கொடுத்தார்கள். கர்ப்பம் தரித்த பிறகு அல்ல, அதற்கு முன்பிருந்தே. மொத்தமாகப் பார்த்தபோது பிறந்த எடையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. கருத்தரிப்பதற்கு மூன்று மாதம் முன்பாவது சாப்பிடத் தொடங்கியவர்களின் குழந்தைகள் மட்டும் சராசரியாக 48 கிராம் கூடுதலாக இருந்தன. மிகவும் ஒல்லியாக இருந்த பெண்களுக்கு அந்தப் பலனும் சரியாகக் கிடைக்கவில்லை.

48 கிராம் என்பது ஒரு கோழிமுட்டையின் எடை. ஒரு பெண் பிறந்ததிலிருந்து உண்ணாமல் விட்டதை ஒரு சிற்றுண்டி ஒரு வருஷத்தில் நிரப்பிவிடாது. ஆனால் அந்தப் பெண்களிடம் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் குறைந்திருந்தது. அந்தக் குழந்தைகள் இப்போது வளர்ந்துவருகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள்.